பின்னால் ஆள் இல்லாமல் எடுக்க மாட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

லெப்டினன்ட் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றேன். தோற்கவில்லை. தோற்கடிக்கப்பட்டேன்.

'துரு நிலவு' என்ற ஆன்லைன் விளையாட்டில் ஆறு மாடி உயர இரும்பு மனிதனுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் பதவி வரிசை: கேடட், சார்ஜன்ட், லெப்டினன்ட், கேப்டன், மேஜர். நான் சார்ஜன்ட். பக்கத்து அறையில் இருக்கும் என் சம்பந்தி கேப்டன். எனக்குப் பிறகு சேர்ந்தவர். வாழ்நாள் முழுக்கப் பல் பிடுங்கியவர். நான் பேருந்து ஓட்டியவன். ஓட்டத் தெரிந்தவன் சார்ஜன்ட், பிடுங்கத் தெரிந்தவர் கேப்டன். என்ன நியாயம் இது?

அணி பின்வாங்கும்போது லெப்டினன்ட்தான் கடைசி ஆள். எதிரியைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே, பின்னோக்கி நடந்து விண்கப்பலின் கதவுக்குள் நுழைய வேண்டும். தேர்வும் அதுதான். திரும்பி நடந்தால் தோல்வி.

பின்னால் ஒருவர் நின்று "வா, வா" என்று சொல்லாமல் நான் ஒரு நாளும் வண்டியைப் பின்னால் எடுத்ததில்லை. ஒரு சைக்கிளைக்கூட நசுக்காமல் ஓய்வு பெற்றேன் என்றால் சும்மாவா? இதைத் தேர்வாளரிடம் சொன்னேன். தேர்வாளர் யார், சம்பந்திதான்.

"பின்னாடிதான் கேமரா இருக்கே, அதப் பாருங்க சம்பந்தி" என்றார்.

கேமரா விசில் அடிக்குமா?

மார்ச் 5, புதன்

சம்பந்தியோடு பேச்சில்லை. காலையில் செய்தித்தாளை அவர்தான் முதலில் எடுத்தார். கேப்டன் அல்லவா.

மார்ச் 7, வெள்ளி

மேஜரிடமிருந்து செய்தி. மூன்றாம் முறையும் தோற்றால் இரும்பு மனிதனைப் பிடுங்கிக்கொண்டு என்னைச் சரக்குப் பிரிவில் போட்டுவிடுவார்களாம். பெட்டி எண்ணுகிற வேலை. திரும்ப வரவே முடியாது.

மேஜர் எங்கோ ஒரு மருத்துவமனையில் நர்ஸ். "தாத்தா, ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் தாத்தா" என்றாள்.

"சார்ஜன்ட்னு கூப்பிடும்மா" என்றேன்.

பதவி வரிசையில் நடத்துனர் என்று ஒரு பதவியைச் சேர்க்கக் கோரி விரிவாக ஒரு மனு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மேலேதான். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மகள் சத்தம் போட்டாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சுவர்தான் இருக்கு. உப்பு வேணும்னாகூட நான் தூது வரணுமாப்பா? மாமா சரியா சாப்பிடவே இல்ல."

"பதவி வந்ததும் வயிறு ரொம்பியிருக்கும்."

"நீங்களும்தான் சாப்பிடல."

சாப்பிட்டேன். அவள் பார்க்காதபோது.

மார்ச் 15, சனி

நாளை தேர்வு. கேமராவைப் பார்த்துப் பழகிப் பார்த்தேன். இரண்டு அடி வைத்ததும் கை வியர்த்துவிட்டது. அந்தச் சின்னப் படத்தில் தெரியாத இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இங்கு மட்டும் எழுதிவைக்கிறேன். மருமகனிடம் கார் சாவி கேட்டால், "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்" என்கிறான். மரியாதையாகத்தான் சொல்கிறான். ஆனால் சாவி வருவதில்லை. எனக்கென்று ஓட்ட இருப்பது அந்த இரும்பு மனிதன் ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொண்டு பெட்டி எண்ணு என்றால்— என்னடா பொழப்பு இது? எண்ண மாட்டேன். எவன் சொன்னாலும் எண்ண மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளத்தாக்கில் சண்டை. அணியெல்லாம் கப்பலுக்குள் போயாயிற்று. வெளியே நான் மட்டும். முன்னால் எதிரி, முதுகுக்குப் பின்னால் கதவு. நின்றேன். நகரவில்லை.

மேஜர் காதுக்குள் கத்தினாள். "தாத்தா, பின்னாடி வாங்க! கதவ மூடப் போறோம்!"

அப்போது சுவர் வழியாக ஒரு குரல் கேட்டது. "வரலாம்… வரலாம்…"

தேர்வாளர் உதவினால் குற்றம். காதுக்கருவியில் பேசினால் மேஜருக்குக் கேட்டுவிடும். அதனால் மனிதர் அடுத்த அறையிலிருந்து நேராகத் தொண்டையைத் திறந்துவிட்டார். கேமராவில் பார்த்தால், தன் இரும்பு மனிதனை விட்டு இறங்கி, எறும்பு மாதிரி கதவருகே நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறார். கேப்டன்!

"வா… வா… லெஃப்ட்ல ஒடிங்க… ஐயோ, அந்த லெஃப்ட் இல்ல சம்பந்தி, உங்க லெஃப்ட்!… ஆங், நேரா… வரலாம்… வரலாம்…"

என் கால் தானாக நடந்தது. கை வியர்க்கவில்லை. சுட்டுக்கொண்டே வந்தேன்.

"போதும்! போதும்! போ—"

தேறிவிட்டேன்.

கேப்டனை மிதித்துவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு. பிறகு இருமல். மகள் தண்ணீரோடு ஓடினாள்.

மார்ச் 17, திங்கள்

வண்டியை விட்டு இறங்கிச் செத்தால் எந்தப் பதவியும் போய்விடுமாம். சம்பந்தி இப்போது கேடட். நான் லெப்டினன்ட்.

மேஜரிடம் மனுக் கொடுத்தேன். எனக்காக இல்லை. கட்டைவிரல்தான் வந்தது. இந்த முறை கீழே பார்த்தது.

சம்பந்தியின் அறைக்குப் போனேன். நானாகத்தான் போனேன். வருத்தம் தெரிவிக்க இல்லை, தவறைச் சுட்டிக்காட்ட.

"நேர் பின்னாடி நின்னது உங்க தப்பு. வண்டி எடுக்கும்போது ஓரமா நிக்கணும்."

எழுந்து நின்று சல்யூட் அடித்தார், லுங்கியோடு. "சரிங்க லெப்டினன்ட்."

"உட்காருங்க சம்பந்தி, முட்டி வலிக்கப் போகுது."

மார்ச் 20, வியாழன்

செய்தித்தாளை அவர்தான் முதலில் எடுத்தார். எடுக்கட்டும்.

மருமகன் வேலைக்குப் போன பிறகு, சம்பந்தி கார் சாவியோடு வந்து நின்றார். கண் டாக்டரிடம் போக வேண்டுமாம். "நீங்க எடுக்கறீங்களா?" என்றார். மகனிடம் என்ன சொல்லி வாங்கினாரோ, நான் கேட்கவில்லை.

வாசல் குறுகல். பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். அவர் இறங்கிப் போய்க் குரல் கொடுத்தார். கடைசியில் கார் முதுகில் இரண்டு தட்டு.

இந்த முறை ஓரமாகத்தான் நின்றார்.