அரங்கறைக்குள் ஒரு கிரகணக் காலை

என்மேல் உயிரையே வைத்திருந்த என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. கும்பப்பூப் பயிர் அறுத்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. தங்கச்சிக்கு ஏழாம் மாதம். நேற்றுத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தோம். நம் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேருமா சேராதா என்று பூதப்பாண்டி முழுக்க ஒரே பேச்சு. எனக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. என் பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகிறது, இன்னும் கழுத்து நிற்கவில்லை.

போன ஆனியில் சூரிய கிரகணம் வந்ததே, அந்தக் காலை உங்களுக்கு நினைவிருக்கிறதா? நான் அப்போது ஏழு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி மேல் கிரகணம் பட்டால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்று, நெல் வைக்கும் அரங்கறைக்குள் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினீர்கள். பழைய வேட்டியைக் கிழித்து இடுக்கையெல்லாம் அடைத்தீர்கள்.

முந்தின நாள்தான் அதே அறையில் விதைநெல்லுக்குப் பூச்சி மருந்துப் பொடி தூவியிருந்தீர்கள். வண்டு சாகும், மூட்டைப்பூச்சி சாகும், தலைப்பேனும் சாகும் என்று ஊரே கொண்டாடிய வெள்ளைப் பொடி. நல்லதுதானே என்று நீங்களும் தாராளமாகவே தூவினீர்கள்.

கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. கண் எரிந்தது, ஓங்கரித்தது. கதவைத் தட்டினேன்.

"அப்பா, மூச்சு முட்டுது. கதவத் தெறங்க."

"கொஞ்சம் பொறுத்துக்க மக்கா. இப்பம் வெளிய வரப்பிடாது, பிள்ளைக்கு ஆகாது."

"பொடி நெடி தாங்கல்ல அப்பா."

"முந்தானையால மூக்கப் பொத்திக்க. உன் நல்லதுக்காக்கும் சொல்லுகேன்."

பொத்திக்கொண்டேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் பிள்ளை பிறக்கும்வரை எனக்கு அங்கேதான் படுக்கை. வீட்டிலேயே பத்திரமான அறை அதுதான் என்றீர்கள்.

பிறந்தபோது அவன் என் இரண்டு கைக்குள் அடங்கினான். அழக்கூட வலுவில்லை. நாலு மாதமாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. பார்க்க வந்த பெரியம்மாவிடம் நீங்கள் சொன்னது எனக்கு அடுக்களையில் கேட்டது.

"அவ கதவிடுக்குல எட்டிப் பாத்திருப்பா. சொன்னா கேக்கவா செய்யுகா?"

எந்த இடுக்கில் அப்பா? எல்லாவற்றையும் அடைத்தது நீங்கள்தானே? அன்றைக்கே வெளியே வந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த மாதமே நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் சொல்லை மட்டும் தெருவில் உள்ளவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பிறகு அரங்கைச் சுத்தம் செய்தபோது அந்தப் பொடி டப்பா கிடைத்தது. கோட்டாற்றில் வாத்தியாராக இருக்கும் உங்கள் மூத்த மருமகன் அதிலிருந்த இங்கிலீஷை வாசித்தார். ஆள் இருக்கும் அடைத்த இடத்தில் தூவக்கூடாது, மூச்சில் போகக்கூடாது என்று போட்டிருந்தது. டப்பாவையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் டாக்டரம்மாவிடம் போனேன்.

"இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. தாய் இழுக்க மூச்சு பிள்ளைக்கும் சேத்துத்தான். ஆனா வயித்துக்குள்ள என்ன போச்சு, அது என்ன செஞ்சுதுன்னு படிச்சவங்களுக்கே இன்னும் தெரியல்ல."

டாக்டருக்குப் படித்தவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் எட்டிப் பார்த்தது மட்டும் தெருவுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது.

உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அது உங்கள் குற்றமில்லை. பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் அடைத்தீர்கள், அதுவும் தெரியும். ஆனால் நான் தட்டியது கேட்டதல்லவா? உங்கள் மகள் சொன்ன சொல் மீறுகிறவளா? கோபம் இன்னும் ஆறவில்லை அப்பா. உங்கள் படத்துக்கு விளக்கேற்றும்போதும் ஆறவில்லை.

அடுத்த வாரம் சந்திர கிரகணம். அம்மா அரங்கைப் பெருக்கித் தங்கச்சிக்குப் பாய் விரித்துவிட்டாள். புது விதைநெல்லுக்குப் பொடியும் தூவியாயிற்று. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "உங்க அப்பா இருந்தா இதத்தான் செய்திருப்பாவ" என்கிறாள்.

பாயைச் சுருட்டி வெளியே எடுத்துவிட்டேன். அரங்குச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. தங்கச்சி என்னோடு முன்கட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பாள். அவள் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊர் என்னைத்தான் சொல்லும், சொல்லட்டும். நீங்களே எழுந்து வந்து கேட்டாலும் அந்தக் கதவை நான் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கிரகணம் விடும்வரை எட்டிப் பார்க்காத
உங்கள் மூத்த மகள்