அண்ணி சுத்தம் செய்த கணினி

அண்ணி,

போன சனிக்கிழமை காலையில் உங்கள் வீட்டுக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, சூடேறிய தூசியும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினியை வைக்க வேண்டாம் என்று நீங்கள் எத்தனையோ தடவை சொல்லியும் அண்ணன் அதை நகர்த்தவே இல்லை. விசிறியில் பஞ்சு மாதிரி அப்பியிருந்த தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் நினைவு வந்தது. அன்பாக வந்தது என்று எழுதினால் பொய். முதலில் வந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அண்ணன் அதற்கு முதல் நாள் போன் செய்திருந்தார். "எத தொட்டாலும் வேற என்னென்னமோ தொறக்குது. சூதாட்டம், கல்யாண வெளம்பரம் எல்லாம் வருது. பேங்க் பக்கத்த தொறந்தா பாஸ்வேர்ட ரெண்டு தடவ கேக்குது. நீ வந்து பாரேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவ இருந்திருந்தா இந்த நெலமைக்கு வந்திருக்காது" என்றும் சொன்னார். உங்களை நினைத்துத்தான் சொன்னார், என்னைக் குத்துவதற்காக அல்ல. ஆனாலும் குத்தியது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அப்பா பால்மரம் வெட்டும் வேலையை விட்டு, ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலராக வந்தார். புந்தோங்கில் வாடகை வீடு. எங்கள் சொந்தத்தில் கணினி படிக்க காலேஜுக்குப் போன முதல் பெண் நான். அப்போது வீட்டில் இருந்த கணினியும் என் டிப்ளமோவுக்காக வாங்கியதுதான். யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா என்னைக் காட்டி, "எங்க வூட்டு என்ஜினியர்" என்பார். நான் என்ஜினியர் இல்லை என்று திருத்த மாட்டேன்.

நீங்கள் சித்தியவான்காரர். ஃபாரம் ஃபைவோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் குமாஸ்தாவாக இருந்தீர்கள் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். பள்ளிக் கணினி அறையில் பிள்ளைகள் பென்டிரைவைச் செருகிச் செருகி வைரஸ் ஏற்றிவிடுவார்கள் என்பதும், சரி செய்ய யாரும் வராததால் நீங்களே உட்கார்ந்து கற்றுக்கொண்டீர்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம் எங்கள் கணினி கெட்டது. அண்ணன் இலவசமாகப் பாட்டு இறக்கப் போய், திரை முழுக்கச் சிவப்பாக ஒரு எச்சரிக்கை: உங்கள் கணினியில் இத்தனை வைரஸ், உடனே எங்கள் மென்பொருளை வாங்குங்கள். அந்த எச்சரிக்கையே ஒரு வைரஸ். அதை மூடினால் இன்னும் நான்கு திறந்தன. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் வெறும் ஷார்ட்கட்டுகள் நின்றன. அவற்றில் ஒன்று அம்மாவின் படங்கள் இருந்த ஃபோல்டர். அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் என் சின்னக் கேமராவில் எடுத்த படங்கள். அடுப்படியில், காம்பாரில் சித்தி வீட்டு விசேஷத்தில், கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில். வேறு எங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. கணினி படிக்கிறவள் நான், எடுத்து வைக்கவில்லை.

அப்பா என் பின்னால் நின்று கேட்டார். "அம்மா படம் இருக்குல்ல?"

"இல்லப்பா. வைரஸ் அழிச்சிருச்சு. ஃபார்மட் பண்ணி புதுசா போட்டாத்தான் கணினி பொழைக்கும்."

அப்பா வாசலுக்குப் போய், காலணி மாட்டாமல் தெருவில் நின்றார். அப்போதுதான் நீங்கள் அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள்.

"ஃபார்மட் பண்ணிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நான் ஒரு தடவ பாக்கவா?"

நான் சிரித்தேன். உங்களுக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டு, முதல் வேலையாக இணைய வயரைப் பிடுங்கினீர்கள். "முதல்ல வெளிய போற வழிய அடைக்கணும்லா" என்றீர்கள். பிறகு கணினியை, தேவையானது மட்டும் ஓடும் 'சேஃப் மோட்'டில் திறந்து, அது ஆரம்பிக்கும்போது தானாக ஓடும் நிரல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினீர்கள். தெரிந்தவற்றுக்கு ஒரு புள்ளி, தெரியாதவற்றுக்குக் கேள்விக்குறி. கேள்விக்குறிகளோடு கடைத்தெரு சைபர் கஃபேக்குப் போய் விசாரித்து, சுத்தம் செய்யும் மென்பொருளை ஒரு சிடியில் பதிந்து கொண்டுவந்தீர்கள். பென்டிரைவ் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "சிடில வைரஸால எழுத முடியாது" என்றீர்கள். அது பாடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றியது.

இரண்டு பிற்பகல்கள் ஆயின. அழித்தாலும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. நான் என் அறையிலிருந்து அந்த எச்சரிக்கைச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அண்ணி. எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. அம்மாவின் படம் வர வேண்டும் என்று ஒரு மனம். உங்கள் கையால் வரக் கூடாது என்று இன்னொரு மனம்.

மூன்றாம் நாள் பிற்பகல் அதன் வேரைக் கண்டுபிடித்தீர்கள். மணிக்கு ஒரு தடவை வைரஸைத் திரும்ப எழுப்பிவிடும்படி கணினியின் வேலை அட்டவணையில் ஒரு வரி ஒளிந்திருந்தது. அதை அழித்தீர்கள். பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையை அடித்தீர்கள். மறைந்திருந்த ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதுவும் அழிந்திருக்கவில்லை. ஒளித்துத்தான் வைத்திருந்தது.

"மாமா, இங்க வாங்க" என்று கூப்பிட்டீர்கள். அம்மா அடுப்படியில் நின்று, படம் எடுக்காதே என்று கரண்டியைத் தூக்கிக்காட்டும் படம் திரையில் இருந்தது. அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு உங்கள் தலையில் கை வைத்தார். என் தலையில் அப்பா அப்படிக் கை வைத்ததே இல்லை. அம்மாவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நாள்ல திரும்ப வந்துரும், பாருங்க" என்றேன். எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

"வராது" என்றீர்கள்.

வரவைத்தது நான்தான்.

அடுத்த ஞாயிறு காலை நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். தலைவலி என்று நான் வீட்டில் தங்கினேன். காலேஜ் கணினி அறையில் அதே வைரஸ் இருந்தது, என் பென்டிரைவிலும் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். செருகினேன். திரையைப் பார்க்கவில்லை. பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தேன். கெடுத்ததைத் திரும்ப ஒழுங்குபடுத்த எனக்குத் தெரியாது. அதுதான் அதில் கேவலம். கெடுக்க மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலையே ஃபோல்டர்கள் மறைந்தன. அப்பா உங்களைத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, சரியாயிருச்சுன்ன?" அந்தக் குரலில் இருந்த சின்ன ஏமாற்றத்துக்காகத்தான் நான் அதைச் செய்தேன். கிடைத்தது. கிடைத்ததும் வேண்டாம் என்று இருந்தது.

நீங்கள் கணினி முன் உட்கார்ந்தீர்கள். இந்தத் தடவை வழி தெரிந்திருந்ததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. அம்மாவின் படங்களை மூன்று சிடிக்களில் பதிந்தீர்கள். பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினீர்கள். உங்கள் கையில் என் பென்டிரைவ்.

"எந்த டிரைவ்லேருந்து வந்துச்சுன்னு கணினி எழுதி வைக்கும். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த டிரைவுக்கு நான் என் பெயரையே வைத்திருந்தேன்.

"தெரியாம செருகிட்டேன்னு சொல்லு. நம்புறேன்."

நான் மேசைமேல் கிடந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"சரி. இத சுத்தம் பண்ணிட்டேன், இந்தா. என் மேல கோவம்னா என்கிட்ட காட்டு. செத்துப்போன உங்கம்மா படத்த வச்சு வெளயாடாத. இன்னொரு தடவ செஞ்சா மாமாகிட்ட சொல்லிருவேன்."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் உங்கள் கழுத்து நரம்பு துடித்தது. நீங்கள் பொறுமைசாலி என்று ஊரெல்லாம் சொல்லும். அந்த ஐந்து நிமிடம் எனக்கு மட்டும் தெரியும். அப்பா கண்ணை மூடும் வரை நீங்கள் சொல்லவே இல்லை. அண்ணனுக்கும் இன்று வரை தெரியாது.

அதற்குப் பிறகு நான் எதையும் கெடுக்கவில்லை. பொறாமைப்படுவதை மட்டும் நிறுத்தவில்லை. டிப்ளமோ முடித்து, ஒரு லாரி கம்பெனி அலுவலகத்தில் பில் அடிக்கும் வேலைக்குப் போனேன். நீங்கள் தெருவில் இருந்த கணினிகளுக்கெல்லாம் வைத்தியரானீர்கள். கோயில் அலுவலகம், டியூஷன் வாத்தியார் வீடு, கறிவேப்பிலை விற்கும் பாட்டியின் மகன் என்று எல்லாரும் உங்களைத்தான் தேடி வந்தார்கள். என்னிடம் வருகிறவர்கள், "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டார்கள். உங்கள் சாவிலும் அதேதான். பந்தலில் நின்று ஒவ்வொருவராக, என் பிள்ளையின் பள்ளி ப்ராஜெக்டைக் காப்பாற்றிக் கொடுத்தாங்க, என் கல்யாணப் படத்தை மீட்டாங்க என்று அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் ஒரு பிற்பகல் உங்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டீர்கள். "என்ன, இன்னும் பொறாமதானா?"

வாயில் பொய் வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன். "ஆமா அண்ணி."

நீங்கள் சிரித்தீர்கள், இருமல் வரும் வரை. "எனக்கும்தான் இருந்துச்சு. காலேஜ் பையத் தூக்கிக்கிட்டு நீ காலையில பஸ்ஸுக்கு ஓடுவியே, அத அடுப்படி ஜன்னல் வழியா பாப்பேன். எரியும்லா எனக்கு."

உங்களுக்கு என் மேல் பொறாமை! ஒரு கணம் மனம் குளிர்ந்தது. மறு கணமே, அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் என்று அதன் மேலேயே பொறாமை வந்தது. மன்னிப்புக் கேட்க அதுதான் சமயம். நான் இன்னொரு சுளையை நீட்டினேன். நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அதோடு பேச்சு போயிற்று.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் செய்த மாதிரிதான் செய்தேன், வேறு வழி எனக்குத் தெரியாது. இணையத்தைத் துண்டித்தேன். அண்ணனை என் போனிலிருந்து வங்கிக்குப் பேசவைத்து, கடவுச்சொல்லை மாற்றவைத்தேன், ஏனென்றால் அடிக்கிற எழுத்தையெல்லாம் ஒளிந்திருந்து படிக்கும் ஓர் உளவு நிரல் அதில் இருந்தது. சமையல் குறிப்புக் காட்டும் கருவி என்ற பெயரில் அண்ணனே அதை ஏற்றியிருந்தார். நீங்கள் போனபிறகு தானே சமைத்துப் பார்த்திருக்கிறார், பாவம். அதைக் கேட்டபிறகு அவரைத் திட்ட மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டு தடவை திரும்ப வந்தது. ஞாயிறு மதியத்துக்கு மேல் வரவில்லை.

"சரியாயிருச்சா? பரவால்லையே!" என்றார் அண்ணன்.

கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் தையல்கார அக்கா. வாடிக்கைக்காரர்களின் அளவெல்லாம் அவருடைய கணினியில்தான் இருக்கிறது. அதைத் திறந்தால் ஒரே விளம்பரமாக வருகிறதாம். தீபாவளிக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடக்கின்றனவாம்.

"ஒங்க அண்ணி இருந்தவரைக்கும் எனக்குக் கவல இல்ல. நீங்களும் அவங்க மாதிரி பாப்பீங்களா?"

நான் காலேஜில் படித்தவள் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எத்தனை வருடமாக அங்கேயே தயாராக நின்ற வார்த்தை.

"அவங்க அளவுக்கு எனக்கு வராதுக்கா" என்றேன். "ஆனா பாக்குறேன்."

நீங்கள் இருந்தபோது ஒரு தடவைகூட யாரிடமும் சொல்லாததை, கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற ஒருவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னபோது வலித்தது. அந்த ஞாயிறு காலைக்காக உங்களிடம் கேட்காத மன்னிப்பை இங்கே கேட்கிறேன். பொறாமை போய்விட்டது என்றும் எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் உங்களிடம் இன்னொரு பொய் வேண்டாம். அது என்னோடுதான் இருக்கிறது, நீங்கள் விட்டுப்போன வேலையும் என்னோடு இருக்கிறது. தையல்கார அக்காவின் கணினி ஒரு பிற்பகலில் முடிந்தது. நீங்களாக இருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று, வீடு வந்து சேரும் வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.