நான் வரும்வரை காத்திருந்த அப்பாவுக்கு

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா நலம் என்று எழுதினால் பொய். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னிடம் மட்டும் அதிகம் பேசுவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டு தடவை நீட் எழுதியும் எனக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. சிறுசேரிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நியூரோசயின்ஸ் கிடைத்தது. இது வெறும் பி.எஸ்சி., மூளையைப் பற்றிய படிப்பு, வைத்தியம் பார்க்க முடியாது என்று எத்தனை தடவை சொன்னேன்? தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். மறுநாளே மேற்குத் தாம்பரத்தில் நம் தெரு முழுக்க லட்டு கொடுத்து, பொண்ணு மூளை டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

நான் மட்டும் யோக்கியமா? ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஸ்கேன் கவரோடு வருவார்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க என்று பெரிய மனுஷி மாதிரி சொல்வேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பூரித்துப் போவீர்கள். நீட்டில் தோற்ற எனக்கும் அது வேண்டியிருந்தது.

அன்றைக்கு நான் காலேஜ் பஸ் ஏறிப் போன பிறகு, திருமுடிவாக்கம் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். வலது கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மாடி வீட்டு கோமதி அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டோவையே கூட்டிவந்துவிட்டார். நீங்கள்தான் ஏற மாட்டேன் என்றீர்கள். குழறிக் குழறி என்ன சொன்னீர்கள் என்பதை அம்மா காரியத்தன்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“எம் பொண்ணு வந்துரட்டும். மூளை விஷயம், அவ பாத்துப்பா.”

அம்மா போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என் போன் ஆய்வகத்துக்கு வெளியே பையில் கிடந்தது. உள்ளே எனக்குக் காலையிலிருந்தே செய்முறைத் தேர்வு. பார்மலினில் ஊறிய ஆட்டு மூளையைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கவாதத்தின் அறிகுறிகள் என்ன, எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். முழு மதிப்பெண் போட்டார்கள்.

மூன்று மணிக்கு வெளியே வந்து போனை எடுத்தேன். கத்தி, அழுது, ஆம்புலன்ஸ் வரவழைத்தேன். காலையிலேயே ஏன் கூட்டிவரவில்லை என்று அங்கே டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் அப்பா. தெருவுக்குச் சொன்ன பொய்யை நீங்கள் எதற்கு நம்பினீர்கள்?

போன மாதம் கோமதி அக்காவின் வீட்டுக்காரருக்கும் பேச்சு குழறியது. உங்களுக்கு ஆட்டோ கூட்டிவந்தாரே, அவருக்குத்தான். அக்கா அவரைக் கைத்தாங்கலாக எங்கே கூட்டிவந்தார் தெரியுமா? நம் வீட்டு வாசலுக்கு. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அதே வாசலுக்கு.

“நீ ஒரு தடவ பாத்துட்டன்னா எனக்கு தைரியமா இருக்கும்மா.”

“நான் டாக்டர் இல்லக்கா. எங்கப்பா சொன்னது பொய். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். செத்தவரைத் தெருவில் வைத்துப் பொய்யராக்குகிறாளே என்று நினைத்திருப்பாள். ஆட்டோவில் நானே அவர்களோடு போனேன். நேரத்தோடு சேர்த்துவிட்டோம். அவர் இப்போது தானே நடந்துபோய்ப் பால் வாங்கி வருகிறார். நல்ல மனிதர். ஆனாலும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு உங்களிடம் இதைச் சொல்லும்படி நான் பக்கத்தில் இல்லையே.

இது கடைசி செமஸ்டர். அது முடிவதற்குள் நீங்கள் லட்டு கொடுத்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன். உங்கள் மானமும் போகும், என் மானமும் போகும். போகட்டும். நம் தெருவில் இனி யாரும் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள் அப்பா.

இப்படிக்கு,
டாக்டர் ஆகாத உங்கள் மகள்
வனிதா