கண்மலரோடு ஒரு படம்

இண்டூர் பக்கம்,
ஆவணி 22

என் வீட்டில் ஆறு நாள் மகளாக இருந்துவிட்டுப் போன பிரியதர்ஷினிக்கு, நிர்மலாவின் அம்மா காசியம்மாள் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை கை வரவில்லை. நீ நலம் என்பதை நிர்மலாவின் போனில் பார்த்துக்கொண்டேன். தாய்லாந்தில் மழையாமே. வாழையிலையில் சுட்ட மீன், தேங்காய்ப்பால் ஊற்றிய சோறு, தங்கம் பூசிய புத்தர் கோயில், அதன் வாசலில் குடையோடு நீ. கீழே ‘அவசரமே இல்லாத மழை நாட்கள்’ என்று எழுதியிருந்தாய். போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் இருந்தபோது போட்ட படங்களுக்கும் இதே வார்த்தையைத்தான் போட்டாய்.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் திட்டத் தொடங்கிவிடுவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நிர்மலா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். சத்துணவுக் கூடத்துப் பதிவேட்டில் முப்பது வருஷம் எழுதிய கை, எழுத்து புரியும்படிதான் இருக்கும்.

உன்னை எப்படி வைத்துக்கொண்டோம் என்று சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே. நினைத்தாலும் சரி, சொல்லிக்காட்டத்தான் போகிறேன். நிர்மலாவோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த பெண் என்று வந்தாய். ஆறு நாளும் விடாத தூறல். காரிமங்கலம் சந்தையில் அவித்த நிலக்கடலை வாங்கி, பஸ் வரும்வரை ஒரே சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் தின்றோம். வத்தல்மலையில் செல்லி வீட்டுச் சாமைச்சோற்றை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாய். மூன்றாவது தரம் போட்டது செல்லி தனக்கென்று வைத்திருந்தது. பிறகு எங்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரையில் அது ‘மலை மக்களின் வற்றாத அன்பு’ என்று வந்தது. அவளோ அன்று வெறும் நீராகாரத்தோடு படுத்தாள்.

கேழ்வரகுக் களியை நீ மென்று தின்றதைப் பார்த்து இவர் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா? "மெல்லக் கூடாது சாமி, கொள்ளுச் சாத்துல தோச்சு அப்படியே முழுங்கணும்" என்று உனக்கு உருட்டிக் கொடுத்தார். பெற்ற மகளுக்குக்கூட அவர் உருட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நீயும் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாய்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உன்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் முனியப்பனைக் காட்டினார். நாலு தலைமுறையாக இவர் குடும்பம்தான் அங்கே பூசாரி. இவர் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டாய். வீட்டுக்கு வந்து அடுப்படியில் என்னிடம் காட்டினாய். எங்கள் சாமியைப் படம் எடுப்பதில்லை. எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் ஊரில் ஒருவன் எடுத்ததில்லை. வெள்ளிக் கண்மலர் இரண்டும் சூடத்து வெளிச்சத்தில் நம்மையே பார்த்தன. கீழே பித்தளை மீசை. அழித்துவிடு என்று உன்னிடம் சொன்னேன். நீ தலையாட்டினாய்.

அப்புறம்தான் உன் ஆசை வளர்ந்தது. சம்மணம் போட்ட கால், மடியில் வைத்த கை, இதை எத்தனையோ தேசத்துக் கோயில்களில் பார்த்திருக்கிறேன், இது புத்தர்தான், கண்மலரையும் மீசையையும் எடுத்துவிட்டு ஒரு தடவை முகத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்று என் பின்னாலேயே சுற்றினாய். ஆடித் திருவிழாவுக்கு முதல் நாள்தான் அவற்றைக் கழற்றிக் கழுவுவார்கள். அதுவும் திரை கட்டி, பூசாரி தன் கண்ணையும் துணியால் கட்டிக்கொண்டு. வெறும் முகத்தை இவரே பார்த்ததில்லை. இதெல்லாம் உனக்குச் சொன்னோம். ஐந்தாம் நாள் மழையில் நனைந்துகொண்டே இவர் கழற்றினார். நீ படம் எடுத்தாய்.

மார்கழியில் அந்த வெறும் முகத்துப் படத்தோடு உன் கட்டுரை வந்தது. ‘இந்த வெள்ளந்தி மனிதர்களுக்குத் தாங்கள் யாரை வணங்குகிறோம் என்றே தெரியாது’ என்று எழுதியிருந்தாய். நிர்மலா அந்த வரியைத் தாண்டித்தான் வாசித்தாள். போனை வாங்கி நானே படித்துக்கொண்டேன். மாடு காணாமல் போனால் யாரிடம் போவது, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காவிட்டால் யாருக்குக் காசு முடிந்து வைப்பது என்பதெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரியும் பிரியா. நீ அதைக் கேட்கவே இல்லையே.

அதைப் பார்த்துவிட்டுத் தையில் ஜீப்பில் தொல்லியல் அதிகாரிகள் வந்தார்கள். அளந்தார்கள், சுற்றிலும் கம்பிவேலி போட்டார்கள். புத்தரா முனியப்பனா என்று முடிவு தெரியும்வரை பூசை கூடாது, பலி கூடாது என்று பலகை வைத்தார்கள். கண்மலரையும் மீசையையும் ஒரு கவரில் போட்டு அரக்கு வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியூரிலிருந்து புத்தர் கொடியோடு ஆட்கள் வந்து வேலிக்கு வெளியே கண்மூடி உட்கார்ந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். காலனியில் இருக்கும் அன்பு வாத்தியார் அன்றுதான் முதல்முறையாக அந்த மரத்தடிக்கு வந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரைக்கும் அவரை நாங்கள் அங்கே விட்டதில்லை என்பதும் உண்மைதான். அவர் அழுததைப் பார்த்த பிறகு எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதனால் உன் மேல் வைத்துக்கொண்டேன்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆடிக்கு மரத்தடியில் கெடா வெட்ட முடியாமல் போவதற்கு இவர்தான் காரணம் என்று பூசாரித்தனத்தைப் பிடுங்கி இவர் தம்பி மகன் மாதுவிடம் கொடுத்துவிட்டார்கள். சேலத்துப் பக்கமிருந்து சிமெண்டில் ஒரு முனியப்பன் வாங்கி வந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வைத்தாயிற்று. பெயிண்டில் வரைந்த கண், பெயிண்டில் வரைந்த மீசை. எங்கள் வீட்டிலிருந்து பத்து வீடு தள்ளித்தான் ஆடி விழா நடந்தது. எங்களை யாரும் கூப்பிடவில்லை.

நேற்று இத்தோடு நிறுத்திவிட்டேன். எழுத வேண்டியதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று இன்று காலையில் படித்துப் பார்த்தபோது தெரிந்தது.

நீ கேட்டபோது இவர் இரண்டு முறை முடியாது என்றார். மூன்றாம் முறை கேட்டது நீ இல்லை, நான். நீ குளிக்கப் போயிருந்தாய். "வந்த புள்ள ஆசையா கேக்குது, ஒரு நிமிசந்தானுங்களே" என்றேன். "வேணாம் காசி" என்றார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். உனக்காக மட்டும் நான் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் அந்தச் சாமிக்குப் பொங்கல் வைத்தவள், எனக்கும் அந்த முகத்தைப் பார்க்க ஆசை இருந்தது. கூட்டத்தில் யார் சொல்லிக் கழற்றினாய் என்று கேட்டபோது, நானாகத்தான் கழற்றினேன் என்று சொல்லிவிட்டார். நான் பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவர் நிலைமையைச் சொல்கிறேன். சித்திரையிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. கறி வாசமே ஆகவில்லை. டாக்டர் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். களியை உருட்டி வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். போன வாரம் அவராகப் பேசினார். "அது கண்ண மூடிட்டு லேசா சிரிச்சிட்டு உக்காந்திருந்துது காசி. இத்தன வருசமா கெடா வெட்டி ரத்தத்த காட்டுனது அந்த மூஞ்சிக்கா?" என்று கேட்டார். கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறதாம். பழைய முகத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறாராம், கண்மலர் எவ்வளவு அகலம் என்பதுகூட மறந்துவிட்டதாம். சின்ன வயதில் அவர் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த கண்ணாம் அது. "ஒருவாட்டி பாத்துட்டா போதும்" என்கிறார். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

பிரியா, நீ எடுத்த வெறும் முகத்தை உலகம் முழுக்கப் பார்த்துவிட்டது. அது எங்களுக்கு வேண்டாம். மூன்றாம் நாள் சாயங்காலம் பின்னாலிருந்து எடுத்தாயே, கண்மலரோடு, மீசையோடு, சூடத்து வெளிச்சத்தில், அந்த ஒரு படத்தை அனுப்பு. இந்தப் பூமியில் அது ஒன்றுதான் இருக்கிறது. பெரியதாகக் கழுவி, அவர் படுக்கும் இடத்துக்கு எதிரே மாட்ட வேண்டும். ஊருக்குக் காட்டமாட்டேன்.

அழித்துவிடு என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். பெரியவர்கள் சொன்னதைக் கேட்கும் பெண் என்று அன்றைக்கு உன்னை மெச்சிக்கொண்டேன். நான் சொன்னதை நீ கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது தினமும் வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் வேண்டிக்கொள்கிறேன் என்று மட்டும் கேட்காதே.

மழையில் ரொம்ப நனையாதே, உனக்குச் சளி பிடித்தால் சீக்கிரம் விடாது. போன இடத்திலெல்லாம் உனக்கு ஒருத்தி சோறு போடட்டும். சீக்கிரம் பார்த்து அனுப்பு, தாயி.

இப்படிக்கு,
உனக்குக் களி கிண்டிப் போட்ட
காசியம்மாள்