நீர் வரவில்லை

நேற்றுக் காலை பாளையங்கோட்டை பங்களாவின் நீச்சல் தொட்டிக்குத் தண்ணீர் நின்றுபோனது. வேலையாள் கொண்டுவந்து நீட்டிய சீட்டில் இரண்டே சொற்கள்: 'நீர் வரவில்லை.' கடைக்குள் நின்று அதைப் படித்தபோது, நானே உமக்கு எழுதிய சீட்டு ஊரெல்லாம் சுற்றி என் கைக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது. கொண்டுவந்தவன், "பதிலு உண்டுமா அண்ணாச்சி?" என்று கேட்ட பிறகுதான், இது தண்ணீரைப் பற்றிய பேச்சு என்று மண்டையில் உறைத்தது.

சணலையும் ஈயச் செந்தூரத்தையும் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். டப்பா மூடியைத் திறந்ததும், ஆளிவிதை எண்ணெயில் குழைத்த செந்தூரத்தின் வாடை மூக்கில் ஏறியது. குழாய் இணைப்பு ஒழுகாமலிருக்கச் சணலைச் சுற்றி, அதன்மேல் இதைத் தடவி முடித்ததும், பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் அவர் துணியில் விரலைத் துடைப்பீர். பக்கத்தில் எப்போதும் நான்தான் நிற்பேன். உம்முடைய விரல் பதிந்த வேட்டி ஒன்று இன்னும் என் கொடியில் கிடக்கிறது. இந்தக் கறை இனிப் போகாது என்று வெளுக்கிறவர் கைவிட்டுவிட்டார்.

நம்மைக் கூட்டாளிகள் என்று சொல்கிறவர்களுக்கு, முதலில் நாம் எப்படி இருந்தோம் என்பது தெரியாது. டவுனில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை. நீர் சீமைக் கைப்பம்பு விற்றீர்; நான் இரும்புக் குழாய் விற்றேன். ஏரலிலிருந்து வாளியும் குடமும் தலையில் சுமந்து, ஊர் ஊராகக் கூவி விற்று மேலே வந்தவன் நான். மேலப்பாளையத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து, தறியை விட்டுவிட்டு இரும்புக்கு வந்தவர் நீர். என் கடையில் விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களை வழிமறித்து, "ஏரல்காரரு குழாயில தண்ணி வராதுவே, தவளைதான் வரும்" என்பீர். நான் மட்டும் சும்மா இருந்தேனா? "மேலப்பாளையத்தாரு பம்பை வாங்குதவரு, கை பிடிச்சுவிட ஒரு வைத்தியரையும் சேத்து வாங்கணும்" என்று சொல்லி அனுப்புவேன்.

கொழும்பு முதலாளி நம் இருவரையும் ஒரே வேலையில் மாட்டிவிட்டார். கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்துத் திரும்பிய மனிதர். இளவயதில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளம் போகும்போதே ஆற்றைக் குறுக்கே நீந்தியவர். ஊர் திரும்பும்போது கால்கள் இரண்டும் வாதத்தில் விழுந்திருந்தன. தரையில் நடக்க முடியாவிட்டால் தண்ணீரில் மிதக்கலாம் என்று அந்தப் பாளையங்கோட்டை பங்களாத் தோட்டத்தில் தொட்டி கட்டினார். கால்வாயை ஒட்டிய கிணற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் ஏற வேண்டும். பம்பை உம்மிடமும் குழாயை என்னிடமும் வாங்கினார். இரண்டையும் ஏன் ஒரே இடத்தில் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"ஒருத்தன்கிட்ட வாங்கினா ரெண்டுலயும் ஏமாத்துவான்வே. ரெண்டு பேருகிட்ட வாங்கினா, ஒருத்தனை ஒருத்தன் காட்டிக் குடுப்பான்லா!" என்றார். வியாபாரம் தெரிந்தவர்.

வீட்டுக்குள் குழாய் இறக்குவது அப்போது நம் பக்கத்துக்குப் புதிது. மற்ற பங்களாக்காரர்கள் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருந்தார்கள். அங்கே தண்ணீர் விழாவிட்டால் நான் மறுபடியும் வாளி சுமக்க வேண்டியதுதான். உமக்கும் தறிக்குழி திறந்தே இருந்தது.

முதல் நாள் பம்பு அடித்தபோது, தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்த குழாய் வாய் 'கொளக் கொளக்' என்று இருமியது. ஒரு வாய் தண்ணீரைத் துப்பியது. பிறகு சொட்ட ஆரம்பித்தது. அடித்த ஆட்கள், கைப்பிடி திருப்பி அடிக்கிறது என்று உதறிவிட்டு விலகினார்கள். சாயங்காலம் வரை மல்லாடிவிட்டுத் திரும்பினோம். மறுநாள் விடிந்ததும் நம் இருவர் கடைக்கும் ஆளுக்கொரு சீட்டு வந்தது. பங்களா கணக்கப்பிள்ளைக்கு இலக்கணத் தமிழ்தான் வரும். 'நீர் வரவில்லை' என்று எழுதியிருந்தார்.

நீர் சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டீர். "நான் வரலையாம்லா! நேத்து முழுக்க அந்தக் கெணத்தடியிலதான கெடந்தேன்? பாத்தவன் சொல்லட்டும்!" என்று நின்ற இடத்தில் குதித்தீர். தெருவே சிரித்தது. நான்தான், "அது நீரு இல்லவே, தண்ணி!" என்றேன். அதற்கும் உமக்குக் கோபம் வந்தது. "தண்ணி வரலேன்னா எனக்கு ஏன் சீட்டு? குழாய்க்காரருக்கு அனுப்பணும்!" என்றீர்.

போனோம், தனித்தனி வண்டியில். முதலாளி தொட்டிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நாளைக்குள்ள தண்ணி விழலேன்னா ரெண்டு பேரு இரும்பையும் பிடுங்கிக்கிட்டுப் போயிரும். தொட்டியில மண்ணைத் தட்டி வாழை வைக்கேன்" என்றார்.

நீர் என் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் அடித்து வாளியில் விழவைத்தீர். நுரை பொங்க வாளி நிறைந்தது. "பாத்தீரா? என் பம்பு பால் கறக்குது" என்றீர். நான் விடவில்லை. கிணற்றடி மேடைமேலிருந்து குழாய்க்குள் குடம் குடமாக ஊற்றச் சொன்னேன். தொட்டியில் தாராளமாக வந்து விழுந்தது. "என் குழாயும் சுத்தம்வே!" என்றேன். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் மறுபடி அதே இருமல், அதே சொட்டு.

"தனித்தனியா நல்ல பிள்ளைகதான். கலியாணம் முடிச்சு வச்சாத்தான் சண்டை" என்றார் முதலாளி. நாம் இருவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். நம் இருவருக்கும் அன்று சரக்கைச் சரிசெய்யும் எண்ணமே இல்லை. குற்றம் அடுத்தவனுடையது என்று நிரூபித்தால் போதும். நீர் தரையில் படுத்து, புதைத்த குழாயை அங்கங்கே தோண்டி, காதை வைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டே போனீர். நானோ பம்புக்கடியில் கிணற்றுக்குள் இறங்கும் உம்முடைய உறிஞ்சுகுழாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நாம் நம்முடைய சரக்கைத் தேடியிருந்தால் அவ்வளவு கவனமாகத் தேடியிருப்போமா? சத்தியமாக மாட்டோம்.

கிணற்று விளிம்பில் நீர் வைத்துவிட்டுப் போன சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அதை எடுத்து உறிஞ்சுகுழாயின் இணைப்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஆட்களை அடிக்கச் சொன்னேன். மேலே போக வேண்டிய புகை வளைந்து இணைப்புக்குள்ளே போயிற்று. உள்ளே இடைவெளியை அடைக்கும் தோல் வளையமான வாசர் சரியாக உட்காரவில்லை. பம்பு தண்ணீரோடு காற்றையும் குடித்துக்கொண்டிருந்தது. வாளியில் பொங்கிய நுரை அதுதான்.

"பிடிச்சிட்டேம்வே!" என்று நான் கத்தினேன். அதே நேரம் வேப்பமரத்தடியிலிருந்து நீர் கத்தினீர்: "இங்கன வாரும்! உம்ம குழாய்க்கு முதுகு இருக்கு!"

வந்து பார்த்தேன். மரத்தடியில் நாகர் கல் இருக்கிறது என்று கொத்தனார்கள் அங்கே ஆழம் தோண்டவில்லை. வேருக்கு மேலாகக் குழாயைத் தூக்கி வளைத்துக் கொண்டுபோய், மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். பம்பு குடித்த காற்றெல்லாம் அந்த முதுகில் வந்து தங்கித் தண்ணீரை மறித்தது. "ஏப்பம் விட இடமில்லாம பாவம் தவிக்குதுவே உம்ம குழாயி" என்றீர். கைப்பிடி திருப்பி அடித்ததும் அந்தக் காற்றின் வேலைதான். காற்றை விட்டது உம் பம்பு. பிடித்து வைத்தது என் குழாய்.

பிறகு வேலை சுருக்கமாக முடிந்தது. உம்முடைய இணைப்பைப் பிரித்து, புது வாசர் வைத்து, சணல் சுற்றிச் செந்தூரம் தடவி இறுக்கினோம். என் குழாயின் முதுகில் துளை போட்டு, சின்னப் பித்தளைத் திருகு ஒன்றைப் பொருத்தினோம். அடிக்கச் சொல்லிவிட்டு, நீர் குனிந்து திருகைத் திறந்தீர். புஸ்ஸென்று காற்று சீறியது. அது அடங்கியதும் தண்ணீர் பீறிட்டு உம் தலைப்பாகையை நனைத்தது. தொட்டியில் குழாய் வாய் நிறையத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முழங்கால் அளவு ஏறுவதற்குள் முதலாளி பொறுக்க மாட்டாமல், "எறக்குங்கலே என்னை!" என்று ஆட்களை விரட்டினார். மல்லாந்து படுத்தார். காலும் கையும் தண்ணீரில் பைய விரிந்தன. கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "சரி, யாரு மேலவே குத்தம்?"

"இவரு மேல!" என்றோம், ஒருவரை ஒருவர் காட்டி, ஒரே குரலில்.

திரும்பும்போது ஒரே வண்டியில் வந்தோம். ஆற்றுப் பாலம் ஏறுவதற்குள் கூட்டுத் தொழில் பேசி முடித்திருந்தோம். என் சரக்கை நீர் பார்ப்பது, உம் சரக்கை நான் பார்ப்பது. அதற்குப் பிறகு எத்தனை பங்களா, எத்தனை தோட்டம்! நீர் என் குழாயைக் குறை சொல்லாத நாள் கிடையாது. உம் பம்பை நான் வையாத நாளும் கிடையாது. அதனால்தான் நம் கைபட்ட இடமெல்லாம் தண்ணீர் ஓடியது. அடைமழையில் பிடித்த காய்ச்சல் உம்மைக் கொண்டுபோன பிறகு, என் குழாயை எல்லோரும் நல்ல குழாய் என்கிறார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது.

நேற்று நான் தனியாகத்தான் போனேன். சுருட்டுப் பழக்கம் இல்லாதவன், வழியில் ஒன்று வாங்கி, இருமிக்கொண்டே பற்றவைத்து உம் உறிஞ்சுகுழாயில் பிடித்தேன். வாசர் வெடித்திருந்தது தெரிந்துவிட்டது. பிறகு என் குழாயின் நீளத்துக்கும் நடந்தேன். முதுகுத் திருகைத் திறந்து காற்றை விட்டேன். காதை வைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் குழாய் எனக்கு நல்லதைத்தானே சொல்லும்? உடம்பு இன்னும் வற்றிப்போன முதலாளி நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு இல்லாம நீரு பாதி ஆளுதான்வே" என்றார். வாழை வைப்பேன் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. "இந்தத் தண்ணி ஒண்ணுலதான் நான் மனுசனா இருக்கேன், பாத்துச் செய்யும்" என்றார்.

சீமையில் சண்டை நடப்பதால் கப்பலில் வாசர் வருவதில்லை. உம்மிடம் பழைய இருப்பு இருக்கும் என்று மேலப்பாளையம் போனேன். உம் வீட்டம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினார்கள்.

"வாசர் இருக்கு அண்ணே, எடுத்துத் தரச் சொல்லுதேன். உங்க குழாயைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் தங்கச்சி. குழாய் நல்லாத்தான் இருக்கு."

"கழத்திப் பாத்தீங்களா?"

"கழத்தலை."

"ஏன்?"

"நல்ல குழாய், தங்கச்சி. எதுக்குக் கழத்தணும்?"

உள்ளே சிரிப்பா, அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு சொன்னார்கள்: "அவுக தெனமும் சோத்துக்கு உக்காந்தா உங்க குழாய்க் கதைதான். ஏரல்காரருக்குத் துருன்னு ஒரு வார்த்தையே தெரியாது, துருவைக் காட்டினா செம்மண்ணுன்னு சொல்லுவாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. இத்தனை வருசம் மண்ணுக்குள்ள கெடந்த இரும்பு துருப்பிடிக்காம இருக்குமா? போயிக் கழத்துங்க."

எனக்கு உம்முடைய குரலே கேட்டது. வாசரை வாங்கிக்கொண்டு திரும்பிப்போய்க் கழற்றினேன். வேப்பமரத்தடி வளைவுத் துண்டு, உள்ளே ஒரு விரல் நுழையும் இடம் மட்டும் விட்டு, சுற்றிலும் துரு கட்டிக் கிடந்தது. செம்மண் இல்லை, துருதான், சொல்லிவிட்டேன், போதுமா? புதுத் துண்டு மாற்றி, வாசர் வைத்து, செந்தூரம் தடவி அடிக்கச் சொன்னேன். தண்ணீர் விழுந்தது. முதலாளியை இறக்கினோம். மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு, "யாரு மேலவே குத்தம்?" என்று வழக்கம்போலக் கேட்டார். பக்கத்தில் காட்ட ஆள் இல்லை. விரலில் இருந்த செந்தூரத்தை என் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மறுபடி உம் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் விழுந்ததைச் சொன்னேன். பம்புக் கடையை மூடப்போவதில்லை என்றார்கள் உம் வீட்டம்மா. அவர்களுடைய தம்பி கடையில் உட்காருவாராம்; சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர்கள் சொல்வார்களாம். அங்கேயே பேசி முடித்தோம். அவர்கள் பம்பை நான் பார்க்க வேண்டியது. என் குழாயை அவர்கள் தம்பி கழற்றிப் பார்க்க வேண்டியது, நான் நல்ல குழாய் என்று சொன்னாலும் கேட்கக் கூடாது. தொட்டியில் தண்ணீர் விழும்வரை, குற்றம் யாருடையது என்று வாடிக்கைக்காரரிடம் இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது. விழுந்த பிறகு, எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம்.