ஈரக் கையுறை

என் வாயாடி மகளுக்கு,

உள்ளே இருப்பது உதைக்கிறதா? நன்றாக உதைக்கட்டும், நீ என்னை உதைத்ததற்கு.

போன பிரசவத்தில் உன் வயிற்றைத் திறந்த பெரிய டாக்டரிடம் மறுபடி போகாதே. கர்ப்பப்பை மூத்திரப்பையோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க, தையல்மேல் மெல்லிய படலம் ஒன்று வைப்பார்கள். உலர்ந்த கையுறையால் எடுக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் தரை துடைக்கும் எனக்கே அது தெரியும். அந்த மேதாவி ஈரக் கையுறையோடு எடுத்தார். விரலிலேயே ஒட்டிச் சுருண்டது. "சனியன்!" என்று உதறிவிட்டு, "வெச்சாச்சுன்னு எழுதிக்கம்மா" என்றார் நர்சிடம். படிப்பு மட்டும் பெயருக்குப் பின்னால் ஒரு முழ நீளம்!

அந்தச் சுருளைக் குப்பையில் கொட்டியவள் நான்தான். ஊரையே கேலி செய்கிறவள், வேலை போய்விடும் என்று பயந்து மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டேன். குனிந்தால் உள்ளே இழுக்கிறது என்று நீ அழுதபோதும், "சோம்பேறிக்கு ஒரு சாக்கு" என்று சிரித்தேன். அவரைவிட நான் கேவலம்.

வேறு டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்: பழைய சீட்டில் எழுதியிருப்பது பொய், உள்ளே ஒட்டியிருக்கலாம், பார்த்துத் திறக்க வேண்டும். தெரியாமல் வெட்டினால் மூத்திரப்பையும் கிழிந்துவிடும். அவர் நம்பாவிட்டால் நானே வந்து சொல்கிறேன். வேலை போனால் போகட்டும். உன் வீட்டில் உட்கார்ந்து உன் சமையலைக் குறை சொல்கிறேன்.

உன் அம்மா