நம் வீட்டிலும் கஹ்க் சுட்டோம்

கர்மூஸ், அலெக்ஸாந்திரியா
நோன்புப் பெருநாள் கழிந்து நான்காம் நாள்

என் கண்மணி இன்ஷிராஹ்,

உனக்கும் மருமகனுக்கும் அல்லாஹ்வின் அமைதி நிறையட்டும். இங்கே நானும் உன் இரண்டு பிள்ளைகளும் அவன் கருணையால் உண்டு உறங்கி நலமாக இருக்கிறோம். என் முழங்கால் வலியைக் கணக்கில் எடுக்காதே, அது வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி, தானாகப் போகாது. அங்கே குவைத்தில் வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது தலையை நன்றாக மூடிக்கொள், தண்ணீர் குடிக்க மறக்காதே. சரி, பெரிய செய்திக்கு வருகிறேன், இதற்கு மேல் அடக்கி வைத்தால் என் வயிறு வெடித்துவிடும். இந்தப் பெருநாளுக்கு நம் வீட்டில் கஹ்க் சுட்டோம், ஈச்சம்பழம் வைத்த அதே பெருநாள் பிஸ்கட். யார் சுட்டது என்று கேள். உன் அப்பன் மெத்வல்லி சுட்டான்! வெந்நீர் வைத்தால் அதையும் தீயவிடுகிற மனுஷன் என்று உன் அம்மா, அவளுக்கு அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும், தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாளே, அதே மெத்வல்லிதான். சிரிக்காதே, முழுக்கப் படி, இதில் சிரிக்க முடியாத இடமும் இருக்கிறது.

நோன்பு தொடங்கியபோதே நான் முடிவு செய்துவிட்டேன், இந்த வருஷம் நீயும் வீட்டில் இல்லை, மாவும் நெய்யும் ஈச்சம்பழமும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், கடையில் ஒரு டப்பா பிஸ்கட் வாங்கினால் ஆயிற்று என்று. இந்த முடிவை வாய்க்குள் வைத்துக்கொள்ளாமல் நோன்பு திறக்கும் நேரத்தில் பிள்ளைகள் முன்னால் சத்தமாகவே சொன்னேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். பெருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது உன் அத்தை தௌலத் வந்தாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, என் கூடப் பிறந்தவள்தான், ஆனால் பெருமூச்சு விடாமல் அவளுக்கு ஒரு பேச்சு வராது. ஒரு பெரிய தட்டு நிறைய அவள் வீட்டுக் கஹ்க், மேலே வெள்ளைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்து வைத்தாள், மூத்தவள் நவ்வாராவையும் சின்னவனையும் இழுத்து அணைத்து, “ஐயோ பாவம் பிள்ளைங்க, இந்த வருஷம் யாரு சுட்டுத் தருவா இதுங்களுக்கு” என்று மூக்கைச் சிந்தினாள். நல்ல மனசோடுதான் செய்தாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நவ்வாரா நவ்வாராவாக இல்லை. தட்டைத் தொடவில்லை, தம்பியையும் தொடவிடவில்லை. நோன்பு விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருப் பிள்ளைகளோடு பாடப் போகவில்லை. நீ பேசி அனுப்பிய கேசட்டை நான் போட்டால் எழுந்து பால்கனிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, மூன்று நாளில் முகம் சுருங்கிப் போயிற்று. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. கண்ணேறு என்று தௌலத் சாம்பிராணி போட்டு வீட்டைப் புகை மண்டலமாக்கினாள், சின்னவன் இருமினதுதான் மிச்சம்.

மேல் மாடி உம்மு சப்ரி வந்து சொல்லித்தான் எனக்குக் கண் திறந்தது. நவ்வாரா படிக்கட்டில் அவளை நிறுத்தி, “உங்க வீட்டு மாமா மவுத்தானப்போ உங்களுக்கு முதல்ல யாரு சொன்னாங்க? உடனே சொன்னாங்களா, இல்ல பெருநாள் முடியட்டும்னு மறைச்சு வச்சாங்களா?” என்று கேட்டிருக்கிறாள். உம்மு சப்ரி போன காரியத்தை விட்டுவிட்டு நேராக என்னிடம் ஓடி வந்தாள். உனக்குப் புரிகிறதா இன்ஷிராஹ்? போன வருஷம் உம்மு சப்ரியின் வீட்டுக்காரர் போனபோது, சாவு விழுந்த வீட்டில் முதல் பெருநாளுக்குக் கஹ்க் சுடமாட்டார்கள் என்று நீதானே நம் வீட்டில் சுட்டுத் துணி மூடிக் கொடுத்தனுப்பினாய், அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவள் நவ்வாராதானே. அவங்க ஏன் சுடலை என்று உன்னிடம் கேட்டு நீ விளக்கமும் சொன்னாய். பிள்ளை அதைச் சிந்தாமல் சிதறாமல் மனசில் வைத்திருக்கிறாள். இப்போது நம் வீட்டில் சுடவில்லை, துணி மூடிய தட்டு வந்துவிட்டது, பாவம் என்று அழுதும் ஆயிற்று, உன் கடிதம் ஐந்து வாரமாக இல்லை, கேசட்டோ எப்போதோ பேசி அனுப்பியது. அம்மா செத்துப் போய்விட்டாள், எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று அவள் தனியாக, யாரிடமும் சொல்லாமல், அந்தச் சின்ன நெஞ்சுக்குள் துக்கம் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளை மடியில் உட்கார வைத்துச் சத்தியம் செய்தேன். அல்லாஹ் மேல், உன் அம்மா மேல், என் இரண்டு கண் மேல். அவள் என் கன்னத்தைத் தடவி, “சரி தாத்தா, நீ அழாதே” என்றாள். எனக்கே ஆறுதல் சொல்கிறாள்! டெலிபோன் ஆபீசில் இரண்டு நாள் தவம் கிடந்தேன், பெருநாள் நேரம், கர்மூஸே வரிசையில் நின்றது, குவைத் லைன் கிடைக்கவில்லை. பேச்சால் ஆகிற காரியமில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன். சுடாததால் வந்த வினை, சுட்டால்தான் தீரும். நேராகக் கூட்டுறவுக் கடை வரிசையில் போய் நின்று மாவும் வனஸ்பதியும் வாங்கினேன், வீட்டில் பசுநெய் கொஞ்சம் இருந்தது, எள்ளும் ஈச்சம்பழ விழுதும் சேர்த்தால் ஆயிற்று, பெரிய செலவில்லை. உம்மு சப்ரி நான் செய்து தருகிறேன் என்றாள். வேண்டாம், இது நம் வீட்டுக் கையால் நடக்க வேண்டும், நீ பக்கத்தில் நின்று சொன்னால் போதும் என்றேன். சொன்னாள்தான். நான் கேட்டால்தானே! நாற்பது வருஷம் வீடுகளின் உள்கூரையில் சுண்ணாம்புப் பூவேலை செய்து சாந்து குழைத்தவனுக்கு மாவு குழைக்கத் தெரியாதா என்று கையை மடித்துவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் அடித்துப் பிசைந்தேன். உம்மு சப்ரி தலையில் கை வைத்துக்கொண்டாள். தகரத் தட்டில் அடுக்கி ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொண்டுபோனேன், நவ்வாரா பின்னாலேயே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெந்து வந்தது பார், ஒன்று கீழே விழுந்தது, உடையவில்லை, உருண்டு போய்ப் பூனையைத் துரத்தியது. ரொட்டிக்கடைக்காரன் ஜின்ஹும் ஒன்றை எடுத்துத் தட்டுமேல் டக் டக் என்று தட்டி, “மேஸ்திரி, இது திங்கறதுக்கா, சுவத்துல பதிக்கறதுக்கா?” என்றான். கடையே சிரித்தது. நவ்வாரா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டாள், “தாத்தா, நீ வேணும்னே கெடுத்தியா? நம்ம வீட்டுல சுடக்கூடாதுன்னுதானே?”

மகளே, ஜின்ஹும் சிரித்ததெல்லாம் எனக்குத் தூசு. அந்தக் கேள்வி என் நெஞ்சைப் பிளந்தது. மறுநாள் மதியமே மறுபடி உட்கார்ந்தேன், இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு உம்மு சப்ரி சொன்னபடி கேட்டேன். நெய்யை நன்றாகக் காய்ச்சி எள்ளும் மாவும் கலந்ததில் ஊற்ற வேண்டும், ஆறினதும் இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துத் தேய்த்து ஈரமணல் போல உதிர வைக்க வேண்டும், அப்புறம் ஈஸ்ட்டும் வெதுவெதுப்பான தண்ணீரும். “பிசையாதீங்க, கூட்டுங்க! குழந்தையைத் தூக்கற மாதிரி!” என்று அவள் கத்திய கத்தலில் நாலு மாடிப் பிள்ளைகளும் வந்து சமையலறையை நிறைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தேன், ஈச்சம்பழம் வைத்து மூடுங்கள் என்றேன், சின்னவன் மூடுவதற்கு முன் தின்றுவிட்டான். மேலே கோலம் கிள்ளும் இடுக்கி ஒன்றுதான் இருக்கிறது, அதனால் என் பூவேலைக் கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பெரிய மனுஷர்கள் வீட்டுக் கூரையில் நான் போட்ட ரோஜாவையும் திராட்சைக் கொடியையும் கஹ்க் மேல் போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு அழகு! நவ்வாரா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நான் எட்டாவதோ ஒன்பதாவதோ போடும்போது பக்கத்தில் வந்து, “அம்மா இப்படிப் போடமாட்டா, மீன்முள் மாதிரி போடுவா, தள்ளு” என்று இடுக்கியை எடுத்துக்கொண்டாள். நான் தள்ளிக்கொண்டேன். உன் மகள் என்னைத் தள்ளு என்று சொன்னதுபோல ஒரு இனிப்பை என் வாழ்நாளில் நான் தின்றதில்லை.

இனிமேல்தான் கவனமாகப் படி. தட்டு அடுப்புக்குள் போனது. வாசனை முதலில் கடைக்குள் வந்தது, பிறகு தெருவுக்கு வந்தது. ஜின்ஹும் தட்டை இழுத்து வெளியே வைத்தான், ஒன்றை எடுத்தான், விரலுக்குள்ளேயே பொலபொலவென்று உதிர்ந்தது, நோன்பு வைத்திருந்ததால் வாயில் போடாமல் முகர்ந்து முகர்ந்து பார்த்தான். வரிசையில் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து, “அடி ஆத்தா, என்ன அழகு, இது யாரு வீட்டுது?” என்றாள். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் நவ்வாரா மாவு மூட்டை மேல் ஏறி நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள், “எங்க வீட்டுது! எங்க வீட்டுல கஹ்க் சுட்டுட்டோம்! எங்கம்மா உயிரோட இருக்கா!” வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு இந்தத் தெருவில் யாருக்குத்தான் புரியாது? ஒரு பெண் குலவை போட்டாள், இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள், பால்கனியில் துணி காயப்போட்டவர்களும் என்ன ஏது என்று கேட்காமலேயே குலவை போட்டார்கள், கல்யாண வீடு தோற்றது. ஜின்ஹும் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அடுப்புப் புகை என்றான். புகையாம்! தட்டை என் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன், நவ்வாரா முன்னால் ஓடி மாடிக்கு மாடி கதவைத் தட்டி அதையே கத்தினாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், உன் கேசட்டையும் அவளே போட்டாள்.

பெருநாள் அன்று தொழுகை முடிந்து வந்ததும் மொட்டை மாடியில் கட்டில் கயிற்றால் ஊஞ்சல் கட்டினேன், பழைய செய்தித்தாளில் ஆளுக்கொரு தொப்பி, நூல்கண்டுக் கட்டையால் சோப்புக்குமிழி, ஒரு பானை செம்பருத்திச் சர்பத். இவ்வளவுதான், இதற்கே கட்டடத்துப் பிள்ளைகள் ஒருவரும் கீழே இறங்கவில்லை, தாய்மார்கள் மேலே வந்து காதைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது. தௌலத் புதுத் துணி சலசலக்க வந்தாள், என் தட்டைப் பார்த்தாள், மூக்கில் விரலை வைத்தாள். “எந்தக் கடைண்ணே?” என்றாள். மெத்வல்லி கடை என்றேன். மூன்று தின்றுவிட்டு, “உப்பு ஒரு கல் தூக்கல்” என்று குற்றம் கண்டுபிடித்தாள், அப்புறம் ஆறு எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அவள் கொண்டுவந்த தட்டைக் காலியாக அனுப்பலாமா, அதில் நம்முடையதைக் குவித்துக் கொடுத்தேன். மூடத் துணி எடுத்தேன், நவ்வாரா பிடுங்கிப் போட்டுவிட்டாள். “மூடாதே தாத்தா, எல்லாரும் பாக்கட்டும்” என்றாள். தௌலத்துக்கு விஷயத்தைச் சொன்னேன், தெருவில் திறந்த தட்டோடு அழுதுகொண்டே போனாள். பாவம், அவளைத் திட்டி எழுதிவிடாதே.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது, முப்பத்தெட்டு நாள் பழசு. இனி வாரம் ஒரு கடிதம் போடு, ஒன்று தொலைந்தால் ஒன்றாவது வரும். விசா காகிதங்களை மருமகன் விடாமல் துரத்தட்டும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைகள் உங்களிடம் வந்துவிட வேண்டும், எனக்கு மனசு கனக்கும்தான், ஆனாலும் பிள்ளை தாயிடம் இருப்பதுதான் முறை. சின்னவனுக்கு ஆறாம் தேதி தடுப்பூசி, மறக்கவில்லை.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் குவைத்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் ஒரு பொட்டலமும் கொடுத்திருக்கிறேன். நல்ல தட்டிலிருந்து இருபது, மீன்முள் கோலம் போட்டவை எல்லாம் நவ்வாராவுடையவை. தனியாகக் காகிதத்தில் சுற்றி ஒன்று இருக்கும், அது முதல் தட்டு, அந்தக் கல். கெட்டுப்போனதை ஏன் அனுப்பினார் என்று நினைக்காதே, அதை வைத்தவள் நவ்வாரா. நீ அடுத்த கேசட் பேசும்போது அதை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து நறுக்கென்று கடிக்க வேண்டுமாம். நல்லது சத்தமில்லாமல் கரைந்துவிடும், இதுதான் கேட்குமாம். தனக்கு நம்பிக்கை வந்துவிட்டதாம், இருந்தாலும் ஒரு தடவை கேட்க வேண்டுமாம். பல் போனாலும் பரவாயில்லை மகளே, கடி.

அல்லாஹ் உங்கள் இருவரையும் கண்ணின் மணியாகக் காக்கட்டும், அடுத்த பெருநாளில் நாம் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார அருள் செய்யட்டும். கேசட்டை மறக்காதே.

உன் அப்பா,
கஹ்க் மேஸ்திரி மெத்வல்லி